வலது பக்கத்துத் தாடை

எங்க வீட்டுக்காரருக்கு வாயில புண்ணு இருக்குன்னு எனக்குக் காட்டிக் கொடுத்தது வாடைதான். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமாவே மனுசன் ரசத்தை ஆறவச்சுக் குடிச்சாரு, மிளகாயைத் தொடல, மீன் கொழம்பு வச்ச அன்னைக்கு வயிறு சரியில்லைன்னு மோர்ச்சோறு கேட்டாரு. எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு. எனக்கு உறைக்கல. ஒரு ஞாயித்துக்கெழமை பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஏதோ கேட்டாரு. அந்தப் பேச்சோட வந்த வாடையில எனக்குத் திடுக்குன்னு ஆயிப்போச்சு. வாயைத் தொறன்னேன். தொறக்கல. அடம்பிடிக்கிறாருன்னு நெனச்சு நல்லாத் திட்டிவிட்டேன். பெறகுதான் தெரிஞ்சது, அடமில்ல, முடியல. ரெண்டு விரக்கடைக்கு மேல தாடை எறங்கல.

“இது எத்தனை நாளாய்யா?”

“சாரமில்ல. சூட்டுப்புண்ணு.”

சாரமில்லங்கிறது மலையாளம். பரவாயில்லைன்னு அர்த்தம். அவரு ஜீப்பு டிரைவரு. காலையில போடியிலருந்து எஸ்டேட்டு வேலைக்குப் போற பொம்பளைகளை ஏத்திக்கிட்டுப் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளாவுல எறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏத்திக்கிட்டு வருவாரு. இருபத்தஞ்சு வருசமா அதே சோலி. அங்க உள்ளவங்களோட பேசிப் பேசி எதுக்கெடுத்தாலும் சாரமில்ல. டயர் வெடிச்சாலும் சாரமில்ல, மழையில மண்ணு சரிஞ்சு ரோடு மறிச்சாலும் சாரமில்ல. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

வளைவுக்கு வளைவு வண்டியை ஒடிச்சு ஏத்தணும், கண்ணு சொக்கக்கூடாது. அதுக்குன்னு போயிலையை வாயில அதக்கிக்கிறது டிரைவர்மாருக்குப் பழக்கம். இவருக்கு வலது பக்கம், கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல உள்ள பள்ளம். இருபது வருசமா அங்கதான் போயிலை குடியிருந்துச்சு. புண்ணும் அங்கதான் வந்துச்சு. தேனியில ஒரு ஆசுபத்திரியில சதையைத் துளி கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பிட்டு, புத்துநோய்தான், மதுரைக்குப் போங்கன்னு எழுதிக் கொடுத்தாங்க. அன்னைக்கே போயிலையைத் தூக்கி எறிஞ்சுட்டாரு. இத்தனை வருசம் நான் தொண்டை வலிக்கக் கத்தி நடக்காதது ஒரு காகிதத்துல நடந்துருச்சு.

நான் போடியில ஒரு ஏலக்காய் மண்டியில காய் பொறுக்குறவ. மலையிலருந்து மூட்டையா வர்ற காயைச் சலிச்சு, பெருசு சிறுசு பிரிச்சு, வெடிச்சது, வெளுத்தது, சொறி விழுந்தது எல்லாத்தையும் ஒதுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இதே வேலை. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே இது எட்டு எம்எம், இது ஏழுன்னு சொல்லிருவேன். எங்க ஊர்ல எங்களை மாதிரி ஆளுகளுக்கு வாயில ஒரு காய் கெடக்குறது சாதாரணம். பல்லு வலிச்சாக் காய், பஸ்சுல குமட்டுனாக் காய், பசிச்சாக் காய். கையோட ஒட்டுன நாலு காயை மடியில போட்டுக்கிட்டா மொதலாளியும் கண்டுக்கிறதில்ல.

அந்த வாடைக்கு வழி பண்ணுனது நான்தான். நல்ல எட்டு எம்எம் பச்சைக் காயாப் பாத்து ஒரு பொட்டணம் கட்டி அவர் சட்டைப்பையில போட்டேன். “பஸ்சுல ஏறுறப்பவும் டாக்டருகிட்டப் போறப்பவும் ஒண்ணை வாயில போட்டுக்க. கிட்டக்க வர்றவங்க மூஞ்சியைச் சுளிச்சா எனக்குத்தான்யா அசிங்கம்”னு சொன்னேன். நோவு வந்த மனுசனைப் பாத்துப் பேசுற பேச்சா அது? இப்ப நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா மொத தடவை மதுரைக்குப் போனப்ப, பஸ்சுல முன்சீட்டுல இருந்த பொம்பள முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் பாத்தா. அதை அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். அதுலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

மதுரையில ஆபரேசன் பண்ற டாக்டரு ஒரு பொண்ணு. எம் மகனை விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். வாய்க்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, கழுத்து ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கான்னு அமுக்கிப் பாத்துட்டு, என்னையும் உக்காரச் சொல்லி நிதானமா விளக்குனாங்க.

“கண்ணுக்குத் தெரியிறது மேலாப்புல இருக்குற புண்ணு மட்டும்தாம்மா. உள்ள எதுவரைக்கும் போயிருக்குன்னு ஸ்கேன்லதான் தெரியும். முக்கியமா, தாடை எலும்பைத் தொட்டிருக்கான்னு பாக்கணும்.”

“தொடலேன்னா?”

“எலும்போட மேல் ஓரத்தை மட்டும் சீவி எடுத்துட்டு மிச்சத்தை விட்டுரலாம். முகம் பெருசா மாறாது.”

“தொட்டிருந்தா?”

“அந்தப் பக்கத் தாடையைத் துண்டா எடுக்கணும். கால்ல ஒரு எலும்பு எடுத்து அந்த எடத்துல வச்சுத் தைப்போம். பெரிய ஆபரேசன்தான். ஆனா பண்ணுனா ஆளைக் காப்பாத்தலாம்.”

அவரு வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல டீயை வாங்கி ஆறவச்சுக்கிட்டே சொன்னாரு: “தாடையை எடுக்குறதா இருந்தா எனக்கு ஆபரேசனே வேணாம். இப்பவே சொல்லிட்டேன்.”

ஏன் அப்பிடிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். ராசிங்காபுரத்துல அவரு கூட்டாளி ஒருத்தரு இருந்தாரு, அவரும் டிரைவருதான். அவருக்கு எப்பவோ தாடையை எடுத்தாங்க. எலும்பு வச்சுத் தைக்கிறதெல்லாம் அவருக்குச் செய்யல. மூஞ்சி ஒரு பக்கம் உள்ள போயி, எந்நேரமும் எச்சி வடிஞ்சு, துண்டால மூஞ்சியைச் சுத்திக்கிட்டே திரிஞ்சாரு. ஒரு கல்யாணப் பந்தியில அவரு வந்து உக்காந்ததும் பக்கத்து எலைக்காரரு எந்திரிச்சு வேற வரிசைக்குப் போயிட்டாரு. எதிர் வரிசையில இருந்து எங்க வீட்டுக்காரரு அதைப் பாத்துட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் கூட்டாளி எந்த விசேசத்துக்கும் வரல. கொஞ்ச நாள்ல செத்தும் போயிட்டாரு.

ஆக, எலும்பைத் தொடலைன்னு ஸ்கேன் சொல்லணும். தொட்டிருக்குன்னு சொல்லிட்டா இந்த மனுசன் ஆபரேசனுக்கு ஒத்துக்க மாட்டாரு. ஒத்துக்கலேன்னா என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. நான் சாமிகிட்டப் போயி நோவு இல்லைன்னு ஆக்குன்னு கேக்கல. எலும்பை மட்டும் விட்டுருன்னு கேட்டேன்.

ஸ்கேனுக்கு மொத பஸ்சுல போனோம். வெறும் வயித்தோட வரச்சொல்லியிருந்தாங்க. ஊர்ல எல்லாரும் அதைச் சிட்டி ஸ்கேன்னுதான் சொல்றோம், நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், அங்க போர்டைப் பாத்துத்தான் சிடின்னு தெரிஞ்சுக்கிட்டேன். என்னை வெளிய உக்கார வச்சுட்டாங்க. உள்ள நடந்ததெல்லாம் அவரு சொல்லித்தான் தெரியும். மோதிரம், அரணாக்கொடி, கட்டுப்பல்லு இருக்கான்னு கேட்டாங்களாம். வாயில ஏதாச்சும் வச்சிருக்கீங்களான்னு கேட்டாங்களாம். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாராம். ஊசியில மருந்து ஏத்துனதும் உச்சந்தலையிலருந்து சுடச்சுட எறங்கி, கவுனோட ஒண்ணுக்குப் போயிட்டோமோன்னு பதறிப்போயித் தடவிப் பாத்தாராம்.

“அப்புறம் ஸ்கேன் எடுக்குற பையன் ‘உப்புங்க, உப்புங்க’ங்கிறான் புள்ள. நான் ‘எதுக்கு சார் உப்பு’ன்னு கேக்குறேன். அவன் சிரிக்கிறான்.”

கன்னத்தை உப்பச் சொல்லியிருக்காங்க. பலூன் ஊதுற மாதிரி காத்தை அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தா கன்னமும் ஈறும் ஒட்டாம தனித்தனியாத் தெரியுமாம், புண்ணு எதுல இருக்கு, எதுவரைக்கும் இருக்குன்னு அப்பத்தான் பிரிச்சுப் பாக்க முடியுமாம். அவரும் உப்பிக்கிட்டுப் படுத்திருந்தாரு. வர்ற வழியெல்லாம் பஸ்சுல அதையே செஞ்சு காட்டிச் சிரிக்க வச்சுக்கிட்டு வந்தாரு. பல மாசத்துக்குப் பெறகு அன்னைக்குத்தான் நான் சிரிச்சேன்.

அடுத்த வாரம் போனப்ப டாக்டரம்மா சிரிக்கல. எலும்போட ஓரம் அரிச்ச மாதிரி இருக்கு, ஒரு துணுக்குச் செத்துப்போயித் தனியா ஒடஞ்சு நிக்கிற மாதிரியும் தெரியுது, அதனால தாடையைத் துண்டாத்தான் எடுக்கணும்னு சொன்னாங்க. இவரு எந்திரிச்சு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு. “ரொம்ப நன்றிங்கம்மா”ன்னுட்டு வெளிய போயிட்டாரு. மறுநா காலையில ஆளுகளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போயிட்டாரு.

அந்த ஒரு வாரம் எங்க வீட்டுல நடந்ததை அக்கம்பக்கத்துல கேட்டாத் தெரியும். நான் கத்துனது தெருமுக்கு வரைக்கும் கேட்டிருக்கும். கொழம்புச் சட்டியைத் தூக்கிப் போட்டேன். அவரு வெளக்கமாத்தைக் கொண்டாந்து நிதானமாக் கூட்டி அள்ளிட்டு, சாரமில்லன்னாரு.

“எதுய்யா சாரமில்ல? நீ செத்தாச் சாரமில்லையா? உனக்கு உன் மூஞ்சி பெருசு. எனக்கு நீ பெருசுய்யா. கூறுகெட்ட மனுசா, அது ஏன் உனக்குப் புரிய மாட்டேங்குது?”

“நீ என்ன சொன்னாலும் சரி. நான் அப்பிடி ஒரு எலையில உக்கார மாட்டேன்.”

திருப்பூர்ல இருக்குற மகன் போன்ல அழுதான். அதுக்கும் அசையல. ஒரு நாள் அவரு வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்புனதும், மண்டிக்கு லீவு சொல்லிட்டு நான் மட்டும் மதுரைக்குப் பஸ்சு ஏறிட்டேன். என்ன கேக்கப்போறேன்னு போனேன்னா, தாடையை விட்டுட்டு மேலாப்புல மட்டும் எடுத்துருங்க டாக்டரம்மா, மிச்சம் இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு கேக்கத்தான். அறிவு கெட்டதனம்தான். ஆனா அன்னைக்கு எனக்கு வேற என்ன கேக்குறதுன்னு தெரியல.

டாக்டரம்மா கோவப்படல. “மிச்சம் வச்சா ஆறு மாசத்துல திரும்ப வந்துரும்மா. எதுக்குச் சொல்றேன்னு நீங்களே பாருங்க”ன்னு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்புனாங்க.

கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமா ஒரு படம். மனுச மொகத்தை வாழத்தண்டு மாதிரி வில்லை வில்லையா நறுக்கி, ஒவ்வொரு வில்லையாத் தள்ளித் தள்ளிக் காட்டுனாங்க. இது நாக்கு, இது பல்லு, இது தாடை எலும்பு. எலும்பு வெள்ளையா, குதிரை லாடம் கணக்கா வளைஞ்சு கெடந்துச்சு. வலது பக்கம் அந்த லாடத்தை ஒட்டுனாப்புல ஒரு திட்டு. “இதுதான் ஒடஞ்ச துணுக்குன்னு நெனைக்கிறோம்”னு பேனாவால தொட்டுக் காட்டிட்டு, அந்த எடத்தைப் பெருசாக்குனாங்க.

நான் பாத்தேன். சுத்தி மூணு மூலையா ஒரு தோலு. உள்ள பொடிப்பொடியாப் புள்ளி. புள்ளியெல்லாம் மூணு கூட்டமா நிக்குது. கூட்டத்துக்குக் கூட்டம் நடுவுல மெல்லிசா ஒரு கோடு.

“டாக்டரம்மா, இது காயி.”

“என்ன காய்?”

“ஏலக்காய். குறுக்க வெட்டிப் பாத்தா இப்பிடித்தான் இருக்கும். மூணு அறை, அறைக்கு ரெண்டு வரிசை வெதை. அளந்து பாருங்க, எட்டு எம்எம் இருக்கும்.”

அவங்க என்னை ஒரு தடவை பாத்தாங்க. இந்தப் பொம்பளைக்கு மூளை கலங்கிப்போச்சுன்னு நெனச்சிருப்பாங்க. ஆனாலும் இந்த ஓரத்துலருந்து அந்த ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து அளந்தாங்க. எட்டுக்கு ஒரு நூல் கூட இருந்துச்சு. அடுத்த வில்லை, அதுக்கடுத்த வில்லைன்னு தள்ளிப் பாத்தாங்க. காயோட காம்பு முனை வரைக்கும் தெரிஞ்சுச்சு. அப்புறம் போனை எடுத்து ஸ்கேன் டாக்டரைக் கூப்புட்டு இங்கிலீசுல பேசுனாங்க. நான் வெளிய வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மதுரையில இருக்கேன்னு சொன்னா வச்சுருவாருன்னு அதைச் சொல்லல.

“அன்னைக்கு ஸ்கேன் எடுக்கப் போனப்ப வாயில காய் கெடந்துச்சாய்யா?”

“கெடந்திருக்கும். பஸ்சுல போட்டேன்ல.”

“வாயில என்ன வச்சிருக்கேன்னு கேட்டாங்கள்ல? அப்பச் சொல்றதுக்கென்ன?”

“அது போயிலை வச்சிருக்கியான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன். காயெல்லாம் ஒரு பொருளா?”

என்கிட்டக் கேட்டிருந்தாலும் வாயில ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பேன். போடிக்காரங்க யாருகிட்டக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.

“சரி, துப்பிட்டாவது படுத்திருக்கலாம்லய்யா.”

“இருக்குறது தெரிஞ்சாத்தானே புள்ள துப்புறதுக்கு. அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியிறதில்லையே.”

உள்ள போயி நடந்ததைச் சொன்னேன். எனக்குக் காலு தரையில நிக்கல. டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. “காய் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லையா?” தெரியலையாம், அந்தப் பக்கம் மரத்துப்போச்சாம்னேன். “கீழுதடும் மரத்திருக்கா?”ன்னாங்க. அதைக் கேக்கலையே டாக்டரம்மான்னேன். சீட்டுல ஏதோ எழுதுனாங்க.

“இங்க பாருங்கம்மா. காய் இருந்ததால படம் குழம்பிப்போச்சு, அது நெசம். ஆனா எலும்பு நல்லா இருக்குன்னு நான் சொல்லலை. காய் அதை மறைச்சிருக்கு, அவ்வளவுதான். இந்தத் தடவை எம்ஆர்ஐ எடுப்போம். எலும்புக்கு உள்ள இருக்குறதும் அதுல தெரியும். அவரைக் கூட்டிட்டு வாங்க.”

நான் தலையை ஆட்டுனேன். எனக்கு மொத பாதி மட்டும்தான் காதுல ஏறுச்சுன்னு சொன்னா அது பொய்யி. ரெண்டு பாதியும் ஏறுச்சு. அந்த மரத்துப்போன கேள்வி எனக்கு நல்லதாப் படல. ஆனா உள்ளதை உள்ளபடி சொன்னா இவரு பஸ்சு ஏற மாட்டாரு, அது எனக்கு நிச்சயம். திரும்பி வர்றப்ப பஸ்சுல உக்காந்து என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

வீட்டுக்குக்கூடப் போகல, நேரா ஜீப்பு நிக்கிற எடத்துக்குப் போனேன். சாயங்கால டிரிப்பு முடிச்சு ஆளுகளை எறக்கிவிட்டுட்டு வண்டியைத் தொடைச்சுக்கிட்டிருந்தாரு.

“மாமா, மதுரைக்குப் போயிட்டு வந்தேன். எலும்புல ஒண்ணுமில்லையாம் மாமா. நீங்க வாயில வச்சிருந்த காயைப் பாத்து எலும்புன்னு பயந்துட்டாங்களாம். இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிட்டா, மேலாப்புல சீவி எடுத்துருவாங்களாம். முகம் மாறாதாம்.”

தொடைக்கிற துணியை அப்பிடியே கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் கண்ணைத் திருப்பிக்கிட்டு டயரைப் பாத்தேன்.

“சரி. போவோம்”னாரு.

இம்புட்டு லேசா ஒத்துக்குவாருன்னு நான் எதிர்பாக்கல. எம் பேச்சு சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டேன்.

எம்ஆர்ஐ அன்னைக்குச் சட்டைப்பையைத் தடவிப் பாத்துப் பொட்டணத்தைப் புடுங்கிக்கிட்டேன். ஆசுபத்திரிக் குழாயடியில மூணு தடவை வாய் கொப்புளிக்கச் சொன்னேன். அதோட விடாம, தொற வாயைன்னு என் ஆள்காட்டி வெரலை உள்ள விட்டு அந்தப் பள்ளத்தைத் தடவிப் பாத்தேன். அதுவரைக்கும் அந்தப் புண்ணை நான் கண்ணால பாத்ததோட சரி. வெரலுக்குச் சொரசொரன்னு, ஓரமெல்லாம் கல்லாட்டம் இருந்துச்சு. நான் தொடுறது அவருக்குத் தெரியல. “பாத்துட்டியா?”ன்னு கேட்டாரு, என் வெரலு உள்ள இருக்குறப்பவே. எனக்கு அழுகை வந்துருச்சு. குழாயைத் தொறந்துவிட்டுட்டு மொகத்தைக் கழுவுற சாக்குல அழுதேன்.

அரைமணி நேரத்துக்கு மேல ஆச்சு. பாறை ஒடைக்கிற மிசினுக்குள்ள தலையை விட்ட மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வெளிய வந்தாரு.

மூணு நாள் கழிச்சு டாக்டரம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாங்க. தாடை எலும்புக்குள்ள ஒரு குழாய் மாதிரி வழி இருக்காம், அதுக்குள்ள ஒரு நரம்பு ஓடுதாம். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் உணர்ச்சி அதுலருந்துதான் வருதாம். நோவு எலும்பை அரிச்சு அந்தக் குழாய் வரைக்கும் போயிருச்சாம். காய் இருந்தது தெரியாமப் போனது மறதியால இல்ல, அந்த நரம்பு கெட்டுப்போனதாலன்னு சொன்னாங்க. கழுத்துல ஒரு நெறியும் சந்தேகமா இருக்காம். ஆனா எதுவரைக்கும் இருக்குன்னு இப்ப எல்லை தெளிவாத் தெரியுது, அதைத் தாண்டிப் போகல, இப்ப எடுத்தா முழுசா எடுத்துரலாம்னாங்க.

“தாடையைத் துண்டாத்தான் எடுக்கணும்”னு கடைசியாச் சொன்னாங்க.

நான் அவரு பக்கம் திரும்பல. கும்புடு போட்டுட்டு எந்திரிச்சுப் போவாரு, இந்தத் தடவை என் மொகத்துலயும் முழிக்க மாட்டாருன்னு மடியில கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

“எலும்பு எந்தக் கால்லங்கம்மா எடுப்பீங்க?”ன்னு கேட்டாரு.

“பெரும்பாலும் இடது கால்ல. ஏன்?”

“அது கிளச்சு மிதிக்கிற காலு.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எடை தாங்குற எலும்பு வேற, இது அதுக்குப் பக்கத்துல இருக்குற ஒல்லி எலும்பு, ஆறுனதும் நடக்கலாம், கிளச்சும் மிதிக்கலாம்னாங்க. “அப்பச் சரி”ன்னு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு. பஸ்சுல திரும்பி வர்றப்ப சன்னலோரமா உக்காந்து தூங்கிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு.

ஆபரேசனுக்கு ஒரு நாள் முன்னாடியே சேத்துட்டோம். காலையில பச்சைத் துணி போத்தி, தள்ளுவண்டியில படுக்க வச்சு, தியேட்டர் வாசல்ல ஒரு ஓரமா நிறுத்திட்டு நர்சு உள்ள போயிட்டாங்க. மகன் ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். நாங்க ரெண்டு பேரும்தான். இதுக்கு மேல என்னால அடக்க முடியல.

“நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்யா. எலும்புல ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா சொல்லவே இல்ல. நானாத்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“நீ வந்து ஜீப்புக்கிட்ட நின்னு சொன்னேல்ல, அப்பவே. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னைத் திட்டாம நீ ஒரு நல்ல சேதி சொன்னதில்ல. அன்னைக்கு மாமாங்கிற, நீங்கங்கிற. எலும்பு போச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா வந்தே? ஏன்யா?”

அந்த ரெண்டு விரக்கடை வாயைத் தொறந்து, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாரு: “நீயே பொய் சொல்ற அளவுக்குப் பயந்துட்ட. அதைப் பாத்த பெறகு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது புள்ள?”

நர்சு வந்து வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஆபரேசன் நடந்துச்சு. மூணு வாரம் கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சிருந்தாங்க, பேச்சு இல்ல. ஒரு வருசம் ஆச்சு. மறுபடி எடுத்த ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. ஜீப்பு ஓட்டுறாரு. குழைஞ்ச சோறு திங்கிறாரு. பேசுறாரு, ஆனா பாதி எழுத்து வாய்க்குள்ளயே நின்னுருது, மத்தவங்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்லணும். பழைய வாயால அவரு என்கிட்டக் கடைசியாப் பேசுனது, தியேட்டர் வாசல்ல பேசுன அதுதான்.